நாவலுக்கு ஒரு சாஃப்ட்வேர்

மனைவி எழுதப்போகும் முதல் நாவலுக்கென்று இத்ரீஸ் நான்கு சாஃப்ட்வேர்களை ஏற்றிப் பார்த்து, மூன்றைத் தூக்கி எறிந்தான். திருப்போரூர் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் குடைந்தெடுத்து, தமிழ் எழுத்து உடையாமல் வர வைப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது.

"எல்லாம் ரெடி ஷஃபானா!" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

"மூணு மாசமா இத்தையேதான் சொல்லிகினு இருக்கீங்க."

"இந்தத் தபா நெஜமாவே ரெடி. உக்காரு, உன் நாவலை ஆரம்பி!"

"அது போன வாரமே முடிஞ்சிடுச்சுங்க. ஒவ்வொரு அத்தியாயமா உங்க வாட்ஸ்அப்புக்குத்தானே அனுப்பிகினு இருந்தேன்?" என்று சிரித்தாள் ஷஃபானா.

அவள் அனுப்பிய நீளமான மெசேஜையெல்லாம் யாரோ எழுதிய ஃபார்வர்டு என்று நினைத்து, படிக்காமலே கட்டைவிரல் போட்டுவந்த இத்ரீஸ், திருதிருவென்று விழித்தான்.

"தினம் நீங்க கட்டைவிரலைத் தூக்கிக் காட்டின தெம்புலதாங்க எழுதியே முடிச்சேன்!"