எத்தனை எலி பிடித்தாய்?

ஒரு அரிசிக் கடையில் செம்பி என்றொரு பூனை காவல் இருந்தது. அதன் வாசனைக்கே ஒரு எலியும் அந்தப் பக்கம் தலைகாட்டாது. கடைக்குப் புதிதாக வந்த பதிவேடு ஒருநாள் தன் பக்கத்தை விரித்துக்கொண்டு அதைக் கூப்பிட்டது.

"இனிமேல் இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் மாதாமாதம் மதிப்பெண் உண்டு. நீ எத்தனை எலி பிடித்தாய்?"

"நான் இருக்கும்போது ஒண்ணுகூட வரலையே, ஐயா!"

"அப்போ பூஜ்யம். அடுத்த மாசமும் பூஜ்யம்னா வேற பூனையை வேலைக்கு எடுத்துடுவோம்."

செம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூட்டைக்குப் பின்னால் கிடக்கும் மூன்று குட்டிகளுக்கும் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவற்றை வாயில் கவ்விக்கொண்டு எங்கே போகும்? வாசலுக்கும் மூட்டைக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்தது. கடைசியில் பக்கத்துச் சந்தில் இருந்த வளைக்குள் முகத்தை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டது.

"எலியக்கா, உள்ளே இருக்கீங்களா? எங்க கடைக்குப் புது அரிசி வந்திருக்கு. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்களேன்."