முதல் படியில் ஒரு கால்

காஜா பேராங் வட்டாரத்தில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்காகக் கொடி கட்டிய மாடிக்கடை. மூன்று துண்டுகளைச் செருகி நிமிர்த்திய மர ஏணியின் உச்சியில் நின்று தேவதாஸ் ஜன்னல் கண்ணாடி துடைக்கிறான். ஏணி வழுக்காமல் கீழே முதல் படியை மிதித்து நிற்கிறான் அவன் மச்சான் பொன்னுதுரை. தேவதாஸுக்குக் கட்டிக்கொடுத்த தன் தங்கை கோகிலாவின் கிழிந்த உதட்டைக் காலையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். "பொம்பள மேல கை வைப்பியாடா?" இரண்டு கைகளாலும் ஏணியை உலுக்குகிறான். இணைப்புகள் நறநறக்கின்றன. வாளி கவிழ்ந்து சவுக்காரத் தண்ணீர் பொன்னுதுரையின் முகத்தில் அறைகிறது. கண் எரிய எரிய இன்னும் மூர்க்கமாக உலுக்குகிறான். "மச்சான், விழுந்துருவேன்!" ஜன்னல் சட்டத்தைக் கவ்விய தேவதாஸின் விரல்களில் ரத்தம் கசிகிறது. "விழுடா! விழுந்து சாவு!" தொண்டை கிழியக் கத்துகிறான் பொன்னுதுரை. அவன் வலது கால் மட்டும், தொழிலுக்கு வந்த நாளாய்ப் பழகியபடி, முதல் படியை இம்மியும் விடாமல் அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கிறது.