மெக்கானிக் கை படாத வண்டி

"ஏனுங்க, ஆக்கிரிக்காரரு வந்துட்டாருங்க!"

மருதாத்தாளின் குரல் கேட்டதும், மாட்டுக் கொட்டகைக்குள் ஆறுச்சாமியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிச் சாணியில் விழுந்தது. பழைய இரும்பு எடுக்கிற ஆள் இத்தனை சீக்கிரம் வந்து நிற்பார் என்று அவர் நினைக்கவில்லை.

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம்னு நீதான புள்ள சொன்னே? பதினொன்னுதான ஆகுது!"

"அவரு இருப்பாருங்க. பன்னெண்டுக்குள்ள ஸ்டார்ட் ஆகலைன்னா எடுத்துட்டுப் போகட்டும். நாளைக்குப் பொள்ளாச்சியில இருந்து மாடு வருது. அதை எங்க கட்டறது, உங்க தலைமேலயா?"

நியாயம்தான். பன்னிரண்டு வருஷமாக அந்த பைக் ஓடாமல் ஒரு மாட்டின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் கல்யாணமான புதுசில் மருதாத்தாளைப் பின்னால் உட்காரவைத்து மீனாட்சிபுரம் முழுக்கச் சுற்றிய வண்டி அது. அதை இரும்பு விலைக்குத் தூக்கிக் கொடுக்க ஆறுச்சாமிக்கு மனசு வரவில்லை.

ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் முடிகிற காரியம். மனுஷன் கூப்பிட மாட்டார். அந்தக் காலத்தில் ஒருத்தன் வண்டியைப் பிரித்து மாட்டிவிட்டு, "இதெல்லாம் மிச்சமுங்க" என்று கை நிறைய ஸ்குரூவை நீட்டினான். வண்டி பாதி வழியில் நின்றது. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்த ஆறுச்சாமி, மறுநாள் பால் சொசைட்டி வாசலில் அத்தனை பேர் முன்னால் சத்தியமே செய்துவிட்டார்: "இனி என்ற வண்டியில ஒரு மெக்கானிக் கை பட்டா நான் ஆறுச்சாமியே இல்ல!"

வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. ஒரு மாசமாகப் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவரே மல்லுக்கட்டுகிறார். புது பேட்டரி, புது பிளக், புது பெட்ரோல் எல்லாம் ஆயிற்று. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவியாயிற்று. உதைத்து உதைத்து முழங்கால்தான் வீங்கியது.

ஆக்கிரிக்காரர் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். தராசு இல்லை, சாக்கு இல்லை, வெறுங்கை.

ஆறுச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். கிரீஸ் படிந்த விரல் நகங்களையும் ஒருதரம் பார்த்தார்.

"பெட்ரோல் வருதுங்களாண்ணா?" என்று கேட்டார் வந்தவர்.

"வருது."

"பிளக்குல நெருப்பு?"

"பளிச்சுனு அடிக்குது."

"அப்ப கார்புரேட்டர்தானுங்க. சித்த தள்ளுங்க, நான் பாக்கறேன்..."

"அட, கை வெக்காதீங்க!" ஆறுச்சாமி குறுக்கே பாய்ந்தார். "எதுவா இருந்தாலும் அக்கட்ட நின்னு வாயால சொல்லுங்க. கழட்டறதும் மாட்டறதும் நான்தான்."

ஆக்கிரிக்காரர் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பெட்ரோல் பாயறதுக்கு நடுவுல இருக்கற பெரிய ஜெட்டைக் கழுவியிருப்பீங்க. பக்கத்துல குழிக்குள்ள இன்னொரு சின்ன ஜெட் இருக்குமுங்க. பாத்தீங்களா?"

ஆறுச்சாமி பார்க்கவில்லை. அந்த வீடியோக்காரனும் காட்டவில்லை, படுபாவி.

கழற்றிப் பார்த்தால், ஊசிமுனை அளவு ஓட்டை. பழைய பெட்ரோல் பிசினாய்க் காய்ந்து அதை அடைத்திருந்தது. மூலையில் கிடந்த பழைய பிரேக் கேபிளிலிருந்து ஒரே ஒரு இழையை உருவச் சொன்னார் வந்தவர், உருவினார். குத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தார். ஊதிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது ஓட்டை வழியே வானம் தெரிந்தது.

எல்லாவற்றையும் மாட்டி முடிக்கையில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம்.

"சோக்கை இழுங்க. ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க. இப்ப ஒதைங்க."

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு ஒரு இருமல். மூன்றாவது உதைக்கு 'டப்'பென்று வெடித்து, கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. புகைக்குள்ளே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"புள்ள! ஓடுது புள்ள!" சந்தோஷத்தில் ஆறுச்சாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அப்ப எனக்கு இரும்பு இல்லைங்க" என்று ஆக்கிரிக்காரர் கிளம்பினார்.

மருதாத்தாள் கேட் வரைக்கும் ஓடிப்போய், ஒரு தூக்கு நிறையப் பாலை அவர் கையில் திணித்தாள். "பெரிய ஒத்தாசைங்க தம்பி. நீங்க கொழிஞ்சாம்பாறை மெக்கானிக்குனு தெரிஞ்சா உங்கள வாசப்படி மிதிக்கவே உட்டிருக்க மாட்டாரு. அந்த வண்டி போனா மனுசன் சோறுகூடத் திங்க மாட்டாருன்னுதான் இந்தப் பொய்யி. அவருக்குத் தெரியவே கூடாதுங்க."

"நான் சொல்லுவனுங்களாக்கா?" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார் அவர்.

சாயங்காலம் மருதாத்தாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நேராகப் போய் நின்ற இடம் சொசைட்டி வாசல்.

"பாத்துக்கங்கப்பா! ஒரு மெக்கானிக் கை படல. நானே பிரிச்சு நானே மாட்டுனது!"

எல்லாரும் கைதட்டினார்கள். மருதாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பாவம், வெள்ளந்தி மனுஷன் என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நின்ற இடத்தில் வண்டி முனகி முனகி அணையப் பார்த்தது. ஆறுச்சாமி ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்:

"உன்ற ஆக்கிரிக்காரருக்கு ஒரு போனைப் போட்டு, ஐடிலிங் ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு கேளு புள்ள."