வரம்பில்லாத கேள்விக்குறி

"வரம்பே வேணாம் ஆத்தா. யாரு வேணாலும் வரட்டும்" என்றார் சுருளியாண்டி.

யுவராணிக்கு நம்ப முடியவில்லை. அவர் கம்பம் ஊர் வாழை வியாபாரிகள் சங்கத் தலைவர். அவள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்கான ஜாவா புரோகிராமைத் திருத்த வந்தவள். நிறுவனர்களின் வாரிசுகளைத் தவிர அங்கே யாரும் உறுப்பினரானதில்லை. அது ஏன் என்று கேட்டு, போன வாரம் மேலிடத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது.

வாசல் பெஞ்சில் முனீஸ்வரி விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தார். லோயர் கேம்ப் வழியாகக் கேரளாவுக்கு நேந்திரங்காய் ஏற்றி அனுப்புகிறவர். உறுப்பினரானால்தான் சங்கத்து மண்டியில் கடை கிடைக்கும். அவர் விண்ணப்பிப்பது இது ஒன்பதாவது வருடம்.

யுவராணி திரையைத் திருப்பிக் காட்டினாள். "பட்டியல்ல எந்த வகை ஆளுன்னு சொல்றது இந்தக் கேள்விக்குறிதான். முன்னாடி எழுதுனவுக பக்கத்துல 'சூப்பர் நிறுவனர்'னு வரம்பு போட்டிருக்காக. அதனால நிறுவனரையும் அவுக வாரிசையும் மட்டுந்தான் உள்ள சேர்க்க முடியும்."

"நிறுவனர்னா சூப்பர்தான ஆத்தா. இருந்தாலும் எடுத்துரு" என்றவர், சற்று யோசித்துக் கேட்டார். "பழைய ஆளுக பேரு அங்கனயே இருக்கும்ல?"

"இருக்குங்கய்யா."

அவள் சந்தோஷமாக வரம்பை அழித்தாள். வெறும் கேள்விக்குறி மட்டும் நின்றது. மறுகணமே, புது உறுப்பினரைச் சேர்க்கும் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது.

"என்ன கோடு அது?"

யுவராணியின் முகம் வாடிவிட்டது. "வரம்பு இல்லைன்னா எந்த வகைப் பட்டியலா வேணாலும் இருக்கலாம். என்ன வகைன்னே தெரியாததால புதுசா எதையும் சேர்க்க விடாதுங்கய்யா. உள்ள இருக்குறவுகளப் படிச்சுக்கலாம், அவ்வளவுதான். அரை மணி நேரம் குடுங்க, வேற மாதிரி எழுதிர்றேன்."

சுருளியாண்டி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதாவது, யாரு வேணாலும்னு எழுதியிருக்கும். ஆனா ஒருத்தரையும் சேர்க்காது."

"ஆமாங்கய்யா. இந்தச் சேர்க்குற வரி இருக்குற வரைக்கும் புரோகிராமே ஓடாது."

அவர் வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாங்க முனீஸ்வரி, டீ சாப்பிடுங்க. இனிமே நம்ம சங்கத்துல யாருக்கும் தடையில்ல" என்றார். முனீஸ்வரி கண்கள் கலங்க எழுந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள், சுருளியாண்டி யுவராணியின் பக்கம் குனிந்தார்.

"அந்தச் சேர்க்குற வரிய எடுத்துரு ஆத்தா."