வந்தவர்கள் பக்கம்

"அந்த அம்மாவை மொதல்ல வெளிய அனுப்புங்க சார். இல்லன்னா டிரம்மை இங்கயே போட்டுட்டு நான் கிளம்பிட்டே இருப்பேன்!"

இடைவேளை விசில் அடங்குவதற்குள் கேலரியிலிருந்து இறங்கி வந்து மூச்சு வாங்கினாள், டிரம் அடிக்கும் மாணவி.

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தாறு வருடங்களாக 'உஷ்' என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அவருடையது. அவரைப் பிடித்துத்தான் கல்லூரி முதல்வர், கூடைப்பந்து ஆட்டங்களுக்குக் கூட்டமும் சத்தமும் சேர்க்கும் பொறுப்பில் உட்கார வைத்திருந்தார். சில வேலைகளுக்கு ஆண்டவன் ஆள் பிடிக்கிற விதமே தனி.

"மூணு ஆட்டம் டைம் தர்றேன். பாதி கேலரியாவது நிரம்பணும். இல்லன்னா அரங்கத்தைத் தேர்வு மையத்துக்கு விட்டுடுவேன். நம்ம பசங்க வெளியூர்லயே போய் ஆடிக்கட்டும்" என்று முதல்வர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நூலகர் கலர் விளக்கு போட்டார். பாட்டுப் போட்டார். குலுக்கல் பரிசுகூட வைத்தார். முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் நாற்பது பேர். அதிலும் பாதிப் பேர் கைப்பேசியில் தலை கவிழ்ந்திருந்தார்கள்.

அன்றுதான் அந்த அம்மா வந்தார். வெளியூர் அணியின் ஆட்களுக்கென்று ஒதுக்கிய வரிசைகளில் ஒரு ஈ காக்கை இல்லை. நட்டநடுவே தன்னந்தனியாக உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்தார். வெளியூர்ப் பையன் ஒருவன் கூடை போட்டதும் டங் டங்கென்று தட்டி, "அப்படிப் போடுடா ராஜா!" என்று கூவினார்.

நாற்பது தலைகளும் நிமிர்ந்தன. நம் அரங்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு அம்மா எதிராளிக்குக் கூவுவதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதிலுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு வேறொரு கல்லூரி வந்தது. அதே அம்மா, அதே தட்டு. அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதே ராஜா பட்டம். 'தட்டு அம்மாவை' ஒரு கை பார்த்துவிட நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள்.

இன்று மூன்றாவது ஆட்டம், மூன்றாவது கல்லூரி. கேலரி நிரம்பிப் படிகளிலும் ஆள் உட்கார்ந்திருந்தது.

"அவங்க வந்ததுக்கப்புறம்தாம்மா உன் டிரம்முக்கே உயிர் வந்திருக்கு" என்றார் நூலகர்.

"அதுக்காக? நம்ம ஏழாம் நம்பரை மட்டும் கரிச்சுக் கொட்டுறாங்களே சார்! 'கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா? கூடை மேல இருக்குடா, தரையில என்ன தேடுற? காலையில சாப்பிட்டியா இல்லியா?'ன்னு ஒரே நக்கல். பாவம் சார் அவன்."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஏழாம் நம்பரே திரும்பினான். "விடுங்க சார். எனக்குப் பழகிப்போச்சு" என்று சிரித்துவிட்டு ஓடினான்.

தங்கமான பிள்ளை என்று நூலகர் நினைத்துக்கொண்டார்.

கடைசி நிமிடம் வரை இரண்டு அணிகளும் சமம். பந்து ஏழாம் நம்பரிடம் வந்தது.

"போச்சு! நழுவ விடப்போறான், பாத்துட்டே இரு!" என்றது எதிர்ப்பக்கத்துக் குரல். கேலரி மொத்தமும் அதற்குப் பதில் சொல்லிக் கத்தியது.

அவன் எம்பினான். பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே விழுந்தது.

கூரை பெயர்ந்துவிடும்போல் இருந்தது சத்தம். முதல்வரே நாற்காலிமேல் ஏறி நின்று, "அரங்கம் இனிமே ஆட்டத்துக்குத்தான்யா!" என்று நூலகரின் காதில் கத்தினார். எதிர்வரிசையில் அந்த அம்மாவின் கரண்டி கை தவறிக் கீழே விழுந்தது. தோற்றது அவருக்கு அத்தனை வலிக்கிறதே என்று நூலகருக்கு மனசு கேட்கவில்லை. போய்க் கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. நீங்க எந்தக் காலேஜ்?"

"நான் எந்தக் காலேஜும் இல்ல சார். தையக்கடை வச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் வர்ற டீமுக்கெல்லாம் கை தட்டுறீங்க?"

"எங்கெங்கேர்ந்தோ வர்ற பிள்ளைங்க. நல்லா ஆடினா 'சபாஷ்'னு சொல்ல ஒருத்தராவது வேணாமா? இந்தப் பக்கம் ஆளே இல்ல. பாத்துட்டுச் சும்மா போக மனசு வரல. வந்து உக்காந்துட்டேன்."

விளக்கையும் பாட்டையும் நம்பி அலைந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் கண்டிப்பா வந்துடணும்."

"அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இங்க இல்லியே சார், வெளியூர்ல. அங்கதான் போறேன். பஸ்ஸுக்கு டிக்கெட்கூட எடுத்துட்டேன்."

"அங்க யாருக்குத் தட்டுவீங்க?"

"அங்கயும் வந்தவங்களுக்குத்தான்."

நூலகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அங்கே வந்தவர்கள் என்றால் நம் பிள்ளைகள் அல்லவா?

"அப்போ அந்த ஏழாம் நம்பருக்கும் தட்டுவீங்களா? இன்னிக்கு அவனை மட்டும் தனியாப் பிடிச்சு அந்தக் காய்ச்சுக் காய்ச்சினீங்க?"

அந்த அம்மா தட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"எதிராளியைக் கொஞ்சம் சீண்டினாத்தானே சார் வந்த பிள்ளைங்களுக்குத் தெம்பு வரும்? மத்த பிள்ளைங்களைச் சீண்டினா பெத்தவங்க மனசு நோகும். அதான், நான் பெத்ததை மட்டும் சீண்டினேன்."