வரிசையில் அடுத்த ஆள்

"முதல் ஆள் மட்டும் உள்ள வாங்க. மத்தவங்க கொஞ்சம் வெளியிலயே நில்லுங்க" என்றாள் கவுன்சில்காரப் பெண் காரிஸ், கதவைத் திறந்து பிடித்தபடி.

டிலிஸ் நகரவில்லை. முதல் ஆள் தான்தான் என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை.

"போங்க டிலிஸ். போய்ப் பார்த்துட்டு, குளியலறையெல்லாம் பூஞ்சைன்னு சொல்லிட்டு வாங்க" என்றார் பின்னால் நின்ற எம்லின், பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டே.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எந்த வீட்டு வாசலுக்கு வந்தாலும் ஒரு நொட்டை சொல்லாமல் போகமாட்டார். ஒன்று ரயில் பாலத்தடியில், தூங்க முடியாது. இன்னொன்று மேட்டில், முட்டி போய்விடும். கிடைக்காத வீட்டைப் பழிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. டிலிஸுக்கு அதுவே மருந்து.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கவுன்சில் வீட்டுக்கு வரிசையில் நின்றுபார் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

வீடில்லாதவர்களுக்கு நகரக் கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடு. ஆளுக்கு ஆள் கஷ்டத்தை எடைபோட்டு, பிரிவு பிரிவாக வைப்பார்கள். ஒரே பிரிவுக்குள் யார் முன்னால் பெயர் பதிந்தாரோ அவர் முன்னால். ஒரு வீடு காலியானால், கேட்டவர்களில் முதல் சில பேரை ஒன்றாக வரச்சொல்வார்கள். முதல் ஆள் சரி என்றுவிட்டால் மற்றவர்களுக்கு மழையில் நனைந்ததுதான் மிச்சம். அவர் வேண்டாம் என்றால் வீடு அடுத்தவருக்கு.

டிலிஸும் எம்லினும் ஒரே பிரிவு. ஒரே வாரத்தில் பதிந்தவர்கள், இருவருமே தனியாள். அதனால் எந்த வாசலில் அவள் நின்றாலும் அவள் முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பார். வரிசை அவர்கள் பெயர்வரை ஒருநாளும் நகர்ந்ததில்லை.

"கம்ப்யூட்டரே நமக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிடுச்சு" என்று அவர் ஒருமுறை சொன்னதற்கு நன்றாகத் திட்டிவிட்டு, பஸ்ஸில் வீடுவரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

ஜனவரியில் அவள் காய்ச்சலில் விழுந்து ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் என்ன வீடு வந்தது என்று பிறகு கேட்டபோது, "ஒரு எலிப்பொந்து, விடுங்க" என்றுவிட்டார்.

இப்போது அவள் உள்ளே நின்றாள்.

ஒரு படுக்கையறை. ஜன்னலில் மலை, பாதி மேகத்துக்குள். சமையலறையில் ஒரு மேசை போடலாம். அவள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. பூஞ்சையும் இல்லை.

இரண்டு வருடமாக மகன் வீட்டு முன்னறையில் படுக்கை. மருமகள் நல்லவள்தான். நல்லவள் என்பதால்தான் பெருமூச்சைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு விடுகிறாள். இங்கே டிலிஸ் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது. அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அதை ஒருமுறை சாத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஜன்னல் வழியே எம்லின் தெரிந்தார். மழையில், ஒரு கை இடுப்பில். அத்தனை உயரமான மனிதர், அண்ணன் வீட்டு சோபாவில் மடங்கிப் படுக்கிறவர்.

கிடைத்த வீட்டை வேண்டாம் என்பவரைக் கவுன்சில் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடும். அப்புறம் இந்த ஜென்மத்தில் இன்னொரு வீடு வருமா என்பது சந்தேகம்தான். டிலிஸுக்கு அது தெரியும்.

"எனக்கு வேண்டாம்மா" என்றாள். "அடுத்த ஆளுக்குக் குடுத்துடு. எம்லினோட இடுப்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

எழுதப்போன காரிஸ் பேனாவை நிறுத்தினாள்.

"எம்லினா? அடுத்த ஆள் அந்தத் தாடிக்காரப் பையன்ல?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "எம்லினுக்கு ஜனவரியிலயே வீடு குடுத்தாச்சே. மேட்டு வீடு. முன்னாடி இருந்தவங்க எல்லாம் வேணாம்னுட்டாங்க, நீங்களும் அந்த வாரம் கேக்கல. சாவியை நான்தான் அவர் கையில குடுத்தேன். அப்புறமும் எதுக்கு வாராவாரம் வந்து நிக்கறீங்கன்னு கேட்டா, காத்து வாங்க வந்தேன்ங்கறார்."

வெளியே மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது.

டிலிஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அறுபத்து மூன்று வயதில் முகம் சூடானதுதான் மிச்சம்.

"அப்ப நான் என்னன்னு எழுதறது?" என்றாள் காரிஸ்.

"எடுத்துக்கறேன்னு எழுதும்மா."

வீடு போய்விட்டது என்று காரிஸ் வெளியே சொன்னதும், தாடிக்காரப் பையன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். எம்லின் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நல்லதுதான்" என்றார். பிளாஸ்க் மூடியைத் திருகினார், அது சரியாக உட்காரவில்லை. "இனிமே நீங்க மழையில வந்து நிக்க வேண்டியதில்ல."

"உங்க அண்ணன் வீட்டு சோபா எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க, இடுப்பே போச்சு" என்றார், கண்ணை இமைக்காமல்.

டிலிஸ் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.

"உள்ள வாங்க. சமையலறையில ரெண்டு நாற்காலி போட இடம் இருக்கான்னு யாராவது பார்த்துச் சொல்லணும்."

எம்லின் கால்மிதிகூட இல்லாத அந்த வாசலில், பூட்ஸை நெடுநேரம் தேய்த்துக்கொண்டே நின்றார்.