எதிர் இருக்கையின் பச்சை விளக்கு

நடக்கும்போதும் ஆடை உரசும்போதும் நம் உடலில் மின்னேற்றம் சேர்கிறது. அதிலிருந்து எழும் பொறி நமக்கு உறைக்காது. ஆனால் காது கேட்கும் கருவியின் மின்னணுச் சில்லைக் கருக்கிவிடும். ஆகவே அத்தகைய கருவிகளைச் செய்யும் அந்தப் பட்டறையில் அனைவரும் மணிக்கட்டில் ஒரு பட்டையை அணிவார்கள். சேர்ந்த மின்னேற்றம் அதன் கம்பி வழியே தரைக்குப் போய்விடும். பட்டை தோலைத் தொட்டால் மட்டுமே அந்த இருக்கைக்கான மேசை விளக்கு பச்சையாகும், கழற்றினால் சிவப்பாகிவிடும்.

ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவரைப் பெரியவள், சின்னவள் என்றே அங்கே அழைப்பார்கள். பெரியவள் ஒரு மாதத்துக்கு முன் இறந்துபோனாள். சின்னவளுக்கு வீட்டிலும் பேச ஆளில்லை. அந்த மேசை மட்டுமே மிச்சம்.

இருவருக்கான மேசையை ஒருத்திக்கு ஒதுக்க முடியாது என்று, அவளை இயந்திரக் கூடத்துக்கு மாற்ற மேற்பார்வையாளர் வந்தார். எதிர் இருக்கையின் முன்னே பட்டை வெறுமனே கிடந்தது. அதன் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"கெட்டுப்போச்சு போல," என்று விளக்கை மாற்றினார். புதியதும் பச்சையாகவே எரிந்தது.

"காலையிலேர்ந்து இப்படித்தான், தம்பி. வந்துட்டாங்க," என்றாள் சின்னவள்.

"சும்மா இருங்கக்கா. பெரியக்கா உயிரோட இருந்தப்பவே நேரத்துக்கு வந்ததில்ல!"

அவர் சிரித்துக்கொண்டே, பட்டையின் கம்பியைப் பார்க்கச் சுவருக்கும் காலி நாற்காலிக்கும் நடுவே நுழைந்தார். இடம் போதவில்லை. பழக்கத்தில் வாய் தவறி, "கொஞ்சம் நகருங்க, பெரியக்கா," என்றார்.

நாற்காலி முன்னால் நகர்ந்து வழிவிட்டது.

அவளை மாற்றுவதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த மேசைக்கு வேலைத் தட்டுகள் முன்போலவே ஆளுக்கு ஒன்றாக இரண்டு வந்தன.